பொய்யானையும் பனங்காய் வண்டிலும்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருக எனப் பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபோது, கானல்வரியைப் பற்றி எழுதலாம் என்றே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தைப் பத்தாந்தர மாணவன் ஒருவன் மாற்றிவிட்டான். வேற்றுமைப் புணர்ச்சியை நான் கரும்பலகையில் விளக்கிக்கொண்டிருக்க, அவன் மேசைக்கடியில் வைத்து ஒரு படக்கதைப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தான். புத்தகம் என் கைக்கு வந்தது. பாடம் முடிந்ததும் அதனைத் திருப்பிக் கொடுக்குமுன் புரட்டிப் பார்த்தேன். பார்த்ததோடு நில்லாமல் இறுதிவரை படித்தும் முடித்தேன் என்பதை ஈண்டு ஒளிக்காமற் கூறிவிடுகிறேன்.

அக்கதையிலே ஒரு தீயவன் வருகிறான். டோய்மான் என்பது அவன் பெயர். நம் மொழியிற் பொம்மைக்காரன் என்னலாம். 1938 ஆம் ஆண்டிலே ஐக்கிய அமெரிக்காவிற் படக்கதை வீரனாகப் பிறந்த சூப்பர்மானுக்கு, 1943 ஆம் ஆண்டிலே 'அக்சன் காமிக்ஸ்' என்னும் இதழின் 64 ஆம் எண்ணில் இவன் பகைவனாகப் படைக்கப்பட்டான். வின்ஸ்லோ ஷொட் என்பது இவனுக்குக் கதைஞர் இட்ட இயற்பெயர். இவன் உடல்வலியுடையவன் அல்லன், வேற்றுலகத்தவனும் அல்லன். பொம்மை செய்வதில் வல்லவன். அவ்வளவுதான். ஆனால் அவன் செய்யும் பொம்மைப் போர்வீரனும் பொம்மை வண்டியும் பிறர் கையிற் சேர்ந்தபின் படைக்கலமாகிவிடும். உலகம் ஒரு பெரும்போரில் மூழ்கியிருந்த காலத்திலே குழந்தைகளுக்காக எழுதிய கதையில் இப்படி ஒருவனைப் படைக்கத் தோன்றியது சிந்திக்கத்தக்கது.

"சேர், எங்கடை இலக்கியத்திலும் இப்பிடி ஒருத்தன் இருக்கிறானோ?" என்று மாணவன் கேட்டான். தண்டனையிலிருந்து தப்பும் பொருட்டுக் கேட்ட வினாவாகவும் இருக்கலாம். ஆயினும் வினா நல்ல வினா. மறுநாட் பாடவேளை முழுவதும் அதற்கே சென்றது. அன்று கூறியதையும், அன்று கூறாது விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலிற் சொல்லைப் பார்ப்போம். இயந்திரத்திற்குத் தமிழிற் பொறி என்று பெயர். எலியைப் பிடிக்கும் கருவியும் பொறிதான். மெய், வாய், கண், மூக்கு, செவி என்னும் ஐந்தும் பொறிகள். நெருப்பிலிருந்து தெறிப்பது பொறி. அரசனுடைய இலச்சினையும் பொறி. வள்ளுவர் இச்சொல்லை ஓரிடத்தில் ஐம்புலன்களின் வாயிலுக்கும் வேறோரிடத்தில் ஊழுக்கும் வழங்குகிறார். மாணவர்கள் இதனைக் கேட்டதும் ஒரு சொல்லுக்குப் பல பொருள் என்று குறிப்பெடுத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடுவர். சற்று நிற்க வேண்டும். செய்த கருவியும், அகப்படுத்தும் கண்ணியும், அகப்படுபவனுடைய கண்ணும் செவியும் ஒரே சொல்லுள் அடங்கியிருக்கின்றன. டோய்மானுடைய தொழில் முழுவதும் இந்த ஒரு சொல்லுக்குள்ளே இருக்கிறது.

விலங்குருவிலும் பறவையுருவிலும் போர்ப்பொறி செய்தல் நம்மவர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையிலே மதுரை மதிலின்மேல் வைக்கப்பட்டிருந்த பொறிகளை இளங்கோவடிகள் நிரல்பட எண்ணிச் செல்கிறார். தானே வளைந்து எய்யும் வில்லும் கல்லெறியும் கவணும் கொதிநெய்யும் உருகிய உலோகமும் அங்கே உண்டு. அவற்றிடையே ஊகம், சிரல், பன்றி என்பனவும் உள்ளன. ஊகம் என்பது கருங்குரங்கு. நெருங்கியவரைக் கடிக்குமாறு செய்யப்பட்டது. சிரல் என்பது நம் குளக்கரைகளிற் காணும் மீன்கொத்தி. பகைவர்மேற் சென்று கண்ணைக் கொத்தும் பொறி. பன்றி இரும்பாலானது, மதிலேறுவோரைக் கோட்டாற் கிழிப்பது. அடியார்க்குநல்லார் உரையின்றேல் இவற்றின் தொழிலை நாம் அறிந்துகொள்ளுதல் அரிது. குரங்கும் மீன்கொத்தியும் பன்றியும் எந்தக் குழந்தையும் கேட்டு அழும் பொம்மைகளே. கண்ணகியை மாதரி ஆயர்பாடிக்கு அழைத்துச் செல்லும்போது இம்மதிலைக் கடந்தே செல்கிறாள். புகாரிலிருந்து நடந்து களைத்த அவள் நிமிர்ந்து அவற்றை நோக்கினாளோ என்பதை அடிகள் கூறவில்லை.

ஆனால் மதுரை மதிலின் குரங்கு ஒருவரையும் ஏமாற்றவில்லை. அது மதிலின்மேல் இருக்கிறது. மதில் பகைவனை நோக்கி நிற்கிறது. வந்தால் கடிப்பேன் என்பதை அதன் இருப்பிடமே சொல்லிவிடுகிறது. ஆகவே மதுரையிற் பொறிவல்லார் பலர் இருந்தும் அவருள் டோய்மான் ஒருவனும் இல்லை. அவனைத் தேடி நாம் அவந்தி நாட்டுக்குச் செல்ல வேண்டும்.

கொங்குவேளிர் இயற்றிய பெருங்கதையின் தலைவன் உதயணன். வத்த நாட்டுக்கு அரசன். கோசம்பி அவன் தலைநகர். யாழில் வல்லவன். அவன் கோடவதி என்னும் யாழை இசைத்தால் மதங்கொண்ட யானையும் அடங்கும். யானை என்றால் அவனுக்கு உயிர். தெய்வயானை ஒன்று அவனிடம் இருந்து, பின்னர் அவனைப் பிரிந்து சென்றது. அதன்பின் யானை வேட்கை மேலும் மிகுந்தது என்பது கதை. உஞ்சை நகரத்து அரசன் பிரச்சோதனன், உதயணன் தனக்குத் திறை செலுத்தாமையாற் சினங்கொண்டான். நேர்நின்று பொருது வெல்லுதல் எளிதன்று என்பதை அவனும் அவன் அமைச்சரும் உணர்ந்தனர். ஆகவே ஒரு யானை செய்தனர்.

அந்த யானை உயிரற்றது. உள்ளே வீரர் இருந்தனர். காட்டினுள்ளே அதனை நிறுத்தினர். அரிய யானை ஒன்று வந்திருக்கிறது என்ற செய்தி வேடர் வாயிலாக உதயணனுக்கு எட்டியது. அவன் படையை அழைக்கவில்லை, யாழை எடுத்தான். யானையைப் பிடிக்க அவனுக்கு வேண்டிய கருவி அதுதானே! துணைவர் சிலரோடு சென்று அதன் முன் நின்று இசைத்தான். யானையினுள் இருந்தவர் வெளிப்பட்டனர். காட்டில் மறைந்திருந்த படையும் சூழ்ந்தது. எதிர்த்துப் பொருதும் பயனின்றி அவன் பிணிக்கப்பட்டு உஞ்சைச் சிறைக்குக் கொண்டு செல்லப்பட்டான்.

இப்பகுதியைக் கொங்குவேளிர் வாக்கிலே நாம் படிக்க இயலாது. உ. வே. சாமிநாதையர் அவர்கள் 1924 ஆம் ஆண்டில் பெருங்கதையைப் பதிப்பித்தபோதே உஞ்சைக் காண்டத்தின் தொடக்கம் ஏட்டில் இல்லை. உதயணகுமார காவியத்தாலும், பாசனுடைய வடமொழி நாடகத்தாலும், பெருங்கதையின் எஞ்சிய பகுதியில் வரும் குறிப்புக்களாலுமே அந்நிகழ்ச்சியை அறிகின்றோம். தமிழ்ப் புலவர் ஒருவர் அந்த யானையை எப்படி வருணித்தார் என்று அறிய ஆசை. கறையான் அதற்கு இடந்தரவில்லை.

யவனர் கதையில் திரோய் நகரத்துள் மரக்குதிரை சென்றதை மாணவர் அறிவர். இரண்டையும் ஒப்பிட்டு எழுதுக என்பது தேர்வு வினாவாக வரத்தக்கதே. நான் ஒன்றை மட்டும் சுட்டுவேன். திரோய் மக்கள் குதிரையைத் தெய்வத்துக்கு உரிய காணிக்கை என்று நம்பி உள்ளே இழுத்தனர். அக்குதிரை எவரை ஏமாற்றவும் போதுமானது. பிரச்சோதனனுடைய யானையோ ஒருவனுக்கென்றே அளவெடுத்துச் செய்தது. யானையை விரும்பாத அரசன் ஒருவன் அச்செய்தியைக் கேட்டிருந்தால், 'நிற்கட்டும்' என்று சொல்லிவிட்டு உணவுண்ணப் போயிருப்பான். உதயணனுக்கு மட்டுமே அது கண்ணி. அவன் எதை விரும்பினான் என்பதை அறிந்தவனே அதனைச் செய்திருக்க முடியும். கொடியவன் ஒருவன் நம்மை அறிந்துகொள்ளும் அளவுக்கு நம் நண்பர் அறிவதில்லை என்று சிலவேளை தோன்றுகிறது.

அசுணம் என்னும் உயிரைப் பற்றிச் சங்கநூல்கள் கூறுவதும் இங்கே நினைக்கத்தக்கது. அது இன்னிசையிலே தன்னை மறப்பது. வேட்டுவர் யாழை இசைத்து அதனை அருகே வரச்செய்து, பின் பறையை அறைவர். அவ்வோசை தாங்காது அது இறக்கும். நற்றிணைப் புலவர் ஒருவர், கூடும்போது இன்பமும் பிரியும்போது துன்பமும் தரும் தலைவன் மார்புக்கு, அசுணத்தைக் கொல்வாருடைய கையை உவமை கூறினார். யாழும் பறையும் ஒரே கையில் இருந்தன. உதயணன் யாழ்கொண்டு யானையை வென்றவன். யானைகொண்டு அவனை ஒருவன் வென்றான். வேட்டுவனாய்ச் சென்றவன் அசுணமானான்.

கதை இவ்விடத்தில் முடிந்திருந்தால் பெருங்கதை ஒரு சிறுகதையாகவே நின்றிருக்கும். உதயணனுடைய அமைச்சன் யூகி உஞ்சையுள் மாறுவேடத்துடன் புகுந்து, பிரச்சோதனனுடைய நளகிரி என்னும் யானையை மதங்கொள்ளச் செய்தான். நகரம் நடுங்கியது. அதனை அடக்க வல்லவன் சிறையிலே இருந்தான்! அரசன் வேறு வழியின்றி உதயணனை வேண்டினான். அவன் வந்து அடக்கினான். பொய்யானையாற் சிறைப்பட்டவன் மெய்யானையால் வெளிவந்தான். அதன்பின் அரசன் மகள் வாசவதத்தைக்கு யாழ் கற்பித்ததும், ஒரு நாள் அவளைப் பத்திராபதி என்னும் பிடியின்மேல் ஏற்றிக்கொண்டு ஊர் நோக்கி விரைந்ததும் நாம் அறிந்தவை. அப்பிடி மருதமும் முல்லையும் குறிஞ்சியும் கடந்து, நருமதையையும் பாலையையும் கடந்து, ஓடிக் களைத்து வீழ்ந்து இறந்தது. 'பிடி வீழ்ந்தது' என்றே அப்பகுதிக்குப் பெயர். நல்லூழாக அது நமக்குக் கிடைத்திருக்கிறது. பொய்யானையைப் பாடிய பகுதி அழிந்து, மெய்யான பிடி இறந்த பகுதி எஞ்சியதைக் கறையானின் நடுவுநிலைமை என்று எங்கள் ஆசிரிய கலாசாலை விரிவுரையாளர் ஒருவர் வேடிக்கையாகச் சொல்வார்.

சீவக சிந்தாமணியிலே இது தலைகீழாக வருகிறது. ஏமாங்கத நாட்டரசன் சச்சந்தன், ஆட்சியை அமைச்சன் கட்டியங்காரனிடம் விட்டுவிட்டு விசயையோடு இன்புற்றிருந்தான். கேடு வருவதை அவள் கண்ட கனவால் உணர்ந்தபின், கம்மியன் ஒருவனைக்கொண்டு பறக்கும் மயிற்பொறி ஒன்றைச் செய்வித்தான். வலப்புறம் திருப்பினால் எழும். இடப்புறம் திருப்பினால் இறங்கும். பார்ப்பவர்க்கு அது அரசியின் விளையாட்டு மயில். கட்டியங்காரன் அரண்மனையை வளைத்தபோது, கருவுற்றிருந்த விசயை அதில் ஏறித் தப்பினாள். மயில் சுடுகாட்டில் இறங்கியது. சீவகன் அங்கே பிறந்தான். விளையாட்டுப் பொருள் போலத் தோன்றிய ஒன்று உயிர்காத்த வரலாறு இது. அதே நூலின் பிற்பகுதியில், சீவகனுடைய மாமன் கோவிந்தன் சுழலும் பன்றிப்பொறி ஒன்றை நாட்டி, அதனை எய்து வீழ்த்துவோனுக்குத் தன் மகள் இலக்கணையைத் தருவதாக அறிவிக்கிறான். விற்போட்டியாகத் தொடங்கியது போராக முடிகிறது. சீவகன் பன்றியை வீழ்த்தித் தான் யார் என்பதை வெளிப்படுத்த, கட்டியங்காரனுடைய நாள்கள் எண்ணப்படலாயின. கோவிந்தன் செய்தது சூழ்ச்சியில்லையா என மாணவர் கேட்பதுண்டு. சூழ்ச்சிதான். திருத்தக்கதேவர் அதனைக் குறை கூறவில்லை. எனக்குச் சிறிது இடர்ப்பாடு உண்டு.

கம்பரிடம் செய்தி இன்னும் நுட்பமானது. இராமன் சிறுவனாயிருந்தபோது விளையாட்டு வில்லில் மண்ணுருண்டை வைத்துக் கூனியின் முதுகில் எய்தான். எய்தவன் அடுத்த நாளே மறந்திருப்பான், பட்டவள் மறக்கவில்லை. முடிசூட்டு விழாச் செய்தி கேட்ட மந்தரையின் உள்ளத்தில் அந்த உருண்டை மீண்டும் எழுவதைக் கம்பர் காட்டுகிறார். இங்கே கொடியவன் செய்த பொம்மை ஒன்றுமில்லை; குழந்தை விளையாட்டே மற்றொருவர் மனத்தில் அம்பாய்க் கிடந்தது.

இனி நூலை மூடிவிட்டு என் ஊருக்கு வருகிறேன். புங்குடுதீவிலே இறுப்பிட்டி நான் பிறந்த ஊர். கடையிலே பொம்மை வாங்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை. பனைதான் எங்கள் பொம்மைக்காரன். ஓலையிற் காற்றாடி, ஈர்க்கில் அம்பு, காய்ந்த பனங்காயில் உருளை. பலகைத் துண்டு ஒன்றின் கீழே நான்கு பனங்காய்களைக் கோத்துக் கயிறு கட்டி நான் ஒரு வண்டில் வைத்திருந்தேன். 1990 ஆம் ஆண்டு ஆனி மாதத்திற் போர் மீண்டும் மூண்டபோது எனக்கு வயது பத்து. அவ்வாண்டு ஒரு நாள் கடற்கரைப் பக்கம் சென்ற நான் மணலிலே ஒரு பொருளைக் கண்டெடுத்தேன். முழங்கை அளவு; மீன்போன்ற உடல்; மீன்போலவே பின்னால் இறகுகள். அவ்வளவு அழகிய விளையாட்டுப் பொருளை நான் முன்னர்ப் பார்த்ததில்லை. அதனை வண்டிலில் ஏற்றி, விழாமல் நார்கொண்டு கட்டி, ஒழுங்கை வழியே வீட்டுக்கு இழுத்து வந்தேன். இரண்டிடத்தில் வண்டில் கல்லில் மோதிச் சரிந்தது. நிமிர்த்திக் கட்டிக்கொண்டு வந்தேன்.

ஐயா படலையடியில் நின்றார். பார்த்தார். அவர் சத்தமிடவில்லை. "தம்பி, கயித்தை அப்பிடியே மெல்ல விட்டிட்டு எனக்குக் கிட்ட வா" என்றார். அந்தக் குரலை அதற்கு முன்னும் பின்னும் அவரிடம் நான் கேட்டதில்லை. நான் கயிற்றை விட்டேன். அன்று மாலை ஊர்ப்பெரியவர்கள் பனைமட்டைகளை நட்டு வண்டிலைச் சூழத் தொலைவிலே ஒரு வேலி கட்டினார்கள். அடுத்த ஆண்டு நாங்கள் ஊரைவிட்டுப் பெயர்ந்தபோதும் வண்டில் வேலிக்குள்ளேயே நின்றது.

அந்த எறிகணையைச் செய்தவன் குழந்தையை ஏமாற்றச் செய்யவில்லை. மதுரை மதிலின் சிரலைப்போல அது தன் தொழிலுக்குச் செய்யப்பட்டது. வெடியாது விழுந்து என் கண்ணுக்கு மீனாயிற்று. 1980 களில் ஆப்கானிஸ்தானத்திலே சோவியத் விமானங்கள் தூவிய சிறு கண்ணிவெடிகளும் இத்தகையனவே. காற்றிலே சுழன்று இறங்கும் பொருட்டு அவற்றுக்குச் சிறகு வைத்தார்கள். வண்ணத்துப்பூச்சி என்று அவற்றுக்குப் பெயரே வந்துவிட்டது. குழந்தைகள் அவற்றைப் பொம்மை என்று எடுத்துக் கையையும் கண்ணையும் இழந்தனர். செய்தவன் எண்ணம் எதுவாயினும், எடுத்தவன் கண்ணுக்கு அது விளையாட்டுப் பொருள். முன்னே சொன்ன பொறி என்னும் சொல்லின் இரு பொருளும் இங்கே ஒன்றையொன்று சந்திக்கின்றன.

வேண்டுமென்றே ஏமாற்றச் செய்வோரும் உலகில் இருந்தனர் என்பதற்குச் சட்டமே சான்று. 1980 ஆம் ஆண்டில் ஜெனீவாவில் நாடுகள் செய்துகொண்ட படைக்கல உடன்படிக்கையின் இரண்டாம் நெறிமுறை, மறைவெடிகளை எவற்றோடு இணைத்தல் ஆகாது என ஒரு பட்டியல் தருகிறது. நோயாளரும் காயமுற்றோரும் இறந்தோரும், புதைகுழி, மருந்து, உணவும் நீரும், வழிபாட்டுப் பொருள், விலங்கும் அதன் உடலும், குழந்தைகளின் விளையாட்டுப் பொருள் ஆகியன அதில் உள்ளன. தீங்கற்றதுபோலத் தோன்றுமாறு செய்து உள்ளே வெடிமருந்து வைத்த, கையில் எடுத்துச் செல்லத்தக்க எப்பொருளையும் அது விலக்குகிறது. சட்டம் என்பது எவரும் செய்யாததை விலக்குவதில்லை. வகுப்பிலே இப்பட்டியலைப் படித்துக் காட்டியபோது, "விலங்கு என்றும் இருக்கிறதே, அப்ப பிரச்சோதனன் குற்றவாளி" என்று ஒரு மாணவி சொன்னாள். மரயானை விலங்காகுமா என்று அரைமணி நேரம் வழக்காடினார்கள். மிதிவெடிகளை முற்றாக விலக்கும் 1997 ஆம் ஆண்டு உடன்படிக்கையில் இலங்கை 2017 ஆம் ஆண்டு மார்கழியில் இணைந்தது. அதற்கு முன்னும் பின்னும் வடபுலத்துக் காணிகளில் மண்டையோட்டுப் படம் பொறித்த சிவப்புப் பலகைகளைக் கண்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இவ்வழக்கு வெறும் இலக்கிய வழக்காகப் படவில்லை.

பட்டினப்பாலையிலே கடியலூர் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்து வீட்டு முற்றம் ஒன்றைக் காட்டுகிறார். உலரவிட்ட நெல்லைத் தின்ன வந்த கோழியின்மேல் ஒரு பெண் தன் காதிலிருந்த பொற்குழையைக் கழற்றி எறிகிறாள். முற்றத்திற் கிடக்கும் அக்குழை, சிறுவர் உருட்டிவரும் முக்காற் சிறுதேரின் உருளையைத் தடுக்கிறது. அந்த ஊர் அறிந்த பகை இவ்வளவுதான், நெஞ்சு கலங்கும் பகை அதற்குத் தெரியாது என்கிறார் புலவர். உரையாசிரியர் பலர் இதனை ஊரின் செல்வச் செழிப்புக்கு எடுத்துக்காட்டு என்று கூறி அமைவர். நானும் நெடுங்காலம் அப்படியே கற்பித்தேன். ஆனால் புலவர் பொன்னின்மேல் அன்றித் தேரின்மேலே கண்வைத்திருக்கிறார் என்றே இப்போது எனக்குத் தோன்றுகிறது. சிறுவனுடைய தேர் எதிலே முட்டி நிற்கிறது என்பதைக்கொண்டு ஓர் ஊரை அளந்திருக்கிறார். இப்பகுதியைக் கற்பிக்கும் போதெல்லாம் கல்லில் மோதிச் சரிந்த என் வண்டில் கண்முன் வருகிறது.

படக்கதைப் புத்தகத்தை உரியவனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஈடாகப் பெருங்கதையின் உரைநடைச் சுருக்கம் ஒன்றை நூலகத்திலிருந்து எடுத்துச் சென்றான். ஒரு கிழமை கழித்து வந்து நின்றான்.

"சேர், டோய்மான் தானே பொம்மை செய்து தானே கெட்டது செய்யிறான். திரோய்க் குதிரையைச் செய்தவனுக்கும் எபீயஸ் எண்டு பெயர் இருக்கு. இந்த யானையைச் செய்த தச்சன் ஆர்? அது என்னத்துக்கெண்டு அவனுக்குத் தெரியுமோ?"

அழிந்துபோன அந்த முதற்பகுதியிலே இருந்திருக்கலாம் என்றேன். அவன் என்னைச் சற்று ஐயத்தோடு பார்த்துவிட்டுப் போனான்.